மூன்று வருடம் கையால் வரைந்த உலகப்படம்: எல்லாம் சரி, நீலம்தான் போதவில்லை

வவுனியாவில் இருக்கும் சிநேகிதி போன கிழமை தொலைபேசியில் கேட்டாள். "பிளாஸ்டிக் பூசிய உலகப்படம் கடையில் பாதி விலைக்கு இறங்கியிருக்கிறது. மகனுக்கு அதை வாங்கவா, உன்னைப் போல வீட்டிலேயே வரையப் பழக்கவா?" மூன்று வருடமாக இந்த வேலையில் கிடப்பவள் என்று என்னைக் கேட்டிருக்கிறாள். கேட்ட நேரம்தான் சரியில்லை. பேனா மூடிக்குள் செருகிச் செருகித் தேய்த்த கடைசி நீலப் பென்சில் அன்று காலையில்தான் தீர்ந்திருந்தது.

வரைகிற முறையை இங்கே விளக்கப் போவதில்லை. பத்துப் பாகைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர், அகலத்துக்கு 36, உயரத்துக்கு 18. அட்லஸைப் பார்த்துக் கட்டம் கட்டமாகக் கரையை இழுக்க வேண்டும். அடிமட்டம் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் செய்துவிடும்.

நாங்கள் தொடங்கியது 2022இல், தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பரீட்சைகளே தள்ளிப்போன வருடத்தில். மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு ஐந்து. படம் வரைகிற பெரிய டிமை தாளுக்கு எங்கே போவது? மாமி அலுமாரிக்குப் பின்னால் சுருட்டிவைத்திருந்த பழைய நாட்காட்டிகளை எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் வரைந்தோம். எங்கள் முதல் உலகத்துக்கு மறுபக்கம் இலட்சுமி. "சாமி படம், கால் படக்கூடாது" என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் தரையில் விரித்த படத்தில் அவுஸ்திரேலியாவைத் தீட்ட வேண்டுமென்றால், அலாஸ்கா பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழும்பி உலகத்தைச் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அட்லஸ் என் அப்பாவுடையது. அதில் சோவியத் ஒன்றியம் இன்னும் ஒரே நாடு. மகள் ஒரு பின்னேரம் முழுக்கக் குனிந்திருந்து அதைச் சிவப்பால் தீட்டி முடித்தாள். அது 1991இலேயே பதினைந்து நாடுகளாகிவிட்டது என்று பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சூடானும் அப்படித்தான். 2011இல் பிரிந்த தென் சூடானுக்கு எல்லை போடுவதற்காகப் பழைய நிறத்தை அழிறப்பரால் தேய்த்த இடத்தில் தாளின் நார் எழும்பி நிற்கிறது. மகன் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தென் சூடானைக் கண்டுபிடிப்பான். பிளாஸ்டிக் பூசிய படத்தில் அது நடக்காது.

இனி நீலத்துக்கு வருகிறேன். பூமியின் மேற்பரப்பில் 71 வீதம் நீர் என்பது எல்லோரும் படித்ததுதான். அந்த 71 வீதத்தையும் பென்சிலால் தீட்ட வேண்டியவர்கள் யார் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டியில் கடும் நீலம் ஒன்று, இள நீலம் ஒன்று. இரண்டும் இந்து சமுத்திரத்தைத் தாண்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். மற்றப் பத்தும் கூர் மழுங்காமல் கிடக்கும். எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் தகரம் ஒன்று நிறைய மண்ணிறமும் ஊதாவும் ரோசாவும் இருக்கின்றன, நீலம் ஒன்றுகூட இல்லை. நீலத்தை மட்டும் தனியாகத் தருவார்களா என்று புத்தகக் கடையில் கேட்டேன். "பெட்டியாகத்தான் தரலாம், மிஸ்" என்றார் கடைக்காரர். மூன்றாவது முறையும் அதே கேள்விக்கு அதே பதில். அவரில் பிழை இல்லை. ஆனாலும் கோபம் வந்தது.

மாற்று வழிகளையும் பார்த்துவிட்டோம். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துத் துணித்துண்டால் பூசினோம். தாள் அப்பளம் போல நெளிந்து, நியூசிலாந்து கரைந்தே போனது. அட்லஸ்களில் இருப்பது போலக் கரையோரம் மட்டும் மெல்லிய பட்டை தீட்டினால் போதாதா என்று கேட்டேன். மகள் விடவில்லை. "கரையில் மட்டுமா கடல்?" என்றாள். திருகோணமலையில், கடலோரத்து உவர்மலையில் இருந்துகொண்டு அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது? ஒரே நீலத்தால் தீட்டவும் இரண்டு பேருக்கும் சம்மதமில்லை. கோணேசர் கோயில் மலைக்கு நேர் கீழே கடல் கறுத்த நீலம், உப்புவெளியில் பச்சை கலந்த நீலம் என்று தினமும் பார்க்கிற பிள்ளைகள். ஆழத்துக்குக் கடும் நீலம், கரைக்கு இள நீலம் என்று அவர்களே சட்டம் போட்டுவிட்டார்கள். கடும் நீலம் இன்னும் வேகமாகத் தீர்ந்தது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பசுபிக் எவ்வளவு பெரியது என்பதை மகள் கை வலித்து அறிந்தாள். ஒரு பாடசாலை விடுமுறையில் படத்தின் இடது ஓரத்தைத் தீட்டத் தொடங்கியவள், தென் அமெரிக்கக் கரையை எட்டியதும் "பசுபிக் முடிந்துவிட்டது" என்று அறிவித்தாள். அடுத்த வாரம் ஜப்பானைத் தாண்டி வலது ஓரத்துக்கு வந்தபோது அதே பெயர் மறுபடியும் எழுதப்பட்டிருந்தது. "இதையும் நான்தானா?" என்று பென்சிலை எறிந்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, தானாகவே படத்தைக் குழலாகச் சுருட்டி இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தாள். 180 பாகைக் கோட்டில் அரைத்தீவாக நின்ற பீஜி முழுத்தீவாகியது. உலகத்தின் நிலம் எல்லாவற்றையும் கூட்டினாலும் பசுபிக்கின் பரப்புக்கு வராது என்று அன்று நான் சொன்னபோது, அவள் அதை ஒரு முறைப்பாடாகவே எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருகோணமலை மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று மகன் பெருக்கி, 950க்குக் கிட்ட என்றான். மாமியின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலை எடுத்து அந்த உயரத்தில் படத்துக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தோம். மேற்கே திருவனந்தபுரத்தில் பட்டது. ஆபிரிக்காவை முழுக்கக் கடந்து, சியராலியோனின் தலைநகர் பிறீட்டவுனில் கடலுக்கு இறங்கியது. அதுவும் நம்முடையதைப் போல பெரிய இயற்கைத் துறைமுகம் என்று வாசித்துச் சொன்னேன். அன்றிலிருந்து மகனுக்கு அது "நம்முடைய கோட்டு ஊர்". மூதூர் எந்தப் பக்கம் என்று கேட்டால் இன்னும் தடுமாறுவான். பிறீட்டவுனைக் கேட்டால் விரல் நேராகப் போகும்.

குறைகளும் இருக்கின்றன. மாரி மழையில் தாள் தளர்ந்து செலோடேப் கழன்றுவிடுகிறது. எங்கள் கட்டங்களில் துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல் மத்திய கோட்டின் நீளத்துக்கு இழுபட்டுக் கிடக்கிறது. இதற்காக அச்சுப் படத்தைப் பெரிதாகப் புகழவும் முடியாது. மேர்கேற்றர் என்ற வரைபடக்காரர் 1569இல் போட்ட முறையில் அச்சிட்ட படங்களில் கிறீன்லாந்து ஆபிரிக்காவோடு போட்டிக்கு நிற்கும்; உண்மையில் ஆபிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு. போன தவணைப் பரீட்சையில் புறவுருவப் படமொன்றில் இடங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் முதலில் அடிமட்டத்தை எடுத்துக் கட்டம் போடத் தொடங்கினாள். கட்டம் முடிய நேரமும் முடிந்தது. எட்டுப் புள்ளி போனது.

ஆகவே சிநேகிதிக்கு என் பதில்: வாங்கு. விலை இறங்கியிருக்கும்போதே வாங்கு. கடல் முழுக்க இலவசமாக வருகிறது. மேலே எழுதியதை எல்லாம் படித்துவிட்டு மனம் மாறாதே. எங்கள் இப்போதைய படத்தில் இலங்கைக்கு நேர் கீழே மத்திய கோட்டைத் தாண்டினால், அந்தாட்டிக்கா வரை ஒரு தீவுகூட இல்லாமல் ஆறு முழுக் கட்டங்கள் வெள்ளையாகக் கிடக்கின்றன. அதற்காக இன்னொரு பெட்டி வாங்குவதாக இல்லை.

இதைத் தொலைபேசியில் சொல்லி முடித்ததும் பக்கத்திலிருந்த மகன் கேட்டான்.

"அவர்கள் படத்தை வாங்கிவிட்டால், அந்த வீட்டு அண்ணாவின் பெட்டியில் நீலம் மிச்சமாகத்தானே இருக்கும் அம்மா? பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லுங்கள்."