நீலகிரி எஸ்டேட் ரோட்டில் இ-பைக்கா, கிராவல் பைக்கா?

கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் இ-பைக்தான் ஜெயிக்கும். பெடலில் கால் வைத்ததும் யாரோ முதுகில் கை கொடுத்துத் தள்ளுவது போல இழுக்கிறது. ஆனால் அந்த ஓட்டம் நடப்பது கோவையிலோ சென்னையிலோ ஒரு சமதளத் தெருவில். அதே வண்டியைக் கோத்தகிரிக்கு மேலே, ஜல்லி பெயர்ந்த ஒரு தேயிலை எஸ்டேட் ரோட்டில் ஏற்றினால் கணக்கே மாறிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இ-பைக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் விற்கின்றன. ஒன்று, பின்சக்கரத்தின் நடு உருளையில், அதாவது ஹப்பில், மோட்டார் உள்ளது. 250 வாட், 36 வோல்ட், 7.5 முதல் 10 ஆம்பியர்-அவர் பேட்டரி, 20 முதல் 25 கிலோ எடை. 30,000 முதல் 50,000 ரூபாய்க்குள் நம்மூரில் தாராளமாகக் கிடைக்கும். இன்னொன்று, பெடல் அச்சிலேயே மோட்டார் உள்ள மிட்-டிரைவ். போஷ், ஷிமானோ மோட்டார் போட்டு வருபவை இந்த வகை; இறக்குமதிச் சரக்கு, விலை லட்சங்களில். மூன்றாவதாக மோட்டாரே இல்லாத கிராவல் பைக்: வளைந்த ஹேண்டில்பார், 40 மி.மீ. டயர், 10 கிலோ சொச்சம் எடை. நல்ல கியர் செட்டோடு வாங்க ஒரு லட்சத்தைச் சுற்றி ஆகும்.

மலைக்கு இந்த மூன்றில் ஹப் மோட்டார் வண்டி கடைசி இடம். விலை குறைவு என்பதால் அல்ல, மோட்டார் இருக்கிற இடத்தால். சக்கரம் சுற்றும் வேகத்தைப் பொறுத்துத்தான் ஹப் மோட்டாரும் சுற்றும். நீங்கள் மாற்றும் கியர் அதற்குத் தெரியாது. 20 கி.மீ. வேகத்தில் அது சுகமாக வேலை செய்யும். 10 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ரோட்டில், வேகம் 7, 8 கி.மீ.க்கு இறங்கும். அப்போது உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இழுவையாகாமல் சூடாகப் போகிறது. ஹப்பைத் தொட்டால் கை சுடும். இந்த வகை மோட்டார்களுக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரங்களுக்கு அந்தச் சூடுதான் எமன். கால் மணி நேரம் விடாமல் ஏறினால், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும் அல்லது அப்படிக் குறைக்கத் தெரியாத மலிவு கன்ட்ரோலராக இருந்தால் மோட்டார் அடிவாங்கும்.

மிட்-டிரைவில் மோட்டாரின் விசை செயின் வழியாகப் போவதால் கியர் அதற்கும் சேர்த்து உதவுகிறது. சுழற்றும் விசை (டார்க்) 85 நியூட்டன்-மீட்டர் உள்ள மோட்டார், முன்னால் 34 பல், பின்னால் 51 பல் என்றால் சக்கரத்தில் கிடைப்பது ஏறக்குறைய 127. ஹப் மோட்டார் தருவது வழக்கமாக 35, 40. இரண்டிலும் ஸ்டிக்கரில் 250 வாட் என்றுதான் இருக்கும். அந்த எண்ணை நம்பி மலைக்கு வண்டி வாங்கக் கூடாது.

அடுத்தது பேட்டரி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கி.மீ. சுமார், ஏற்றம் 1,450 மீட்டர் அளவில். 75 கிலோ ஆள், 25 கிலோ வண்டி, ஆக 100 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்கவே கிட்டத்தட்ட 395 வாட்-அவர் வேண்டும். டயர் உராய்வுக்கு நல்ல தார் ரோட்டில் இன்னும் 90 சேர்த்துக்கொள்ளுங்கள். பாதியை உங்கள் கால் செய்தாலும் மோட்டார் பங்கு 240. மோட்டாரும் கன்ட்ரோலரும் நூற்றுக்கு 75 பங்குதான் திருப்பித் தரும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 320 போய்விடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பதே 360. ஆக, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது பேட்டரியில் கடைசிக் கோடு மினுக்கிக்கொண்டிருக்கும். எஸ்டேட் ரோடு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. காலால் மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் முறுக்குபவர் பாதி வழியிலேயே நிற்பார். விளம்பரத்தில் சொல்லும் 50 கி.மீ., 60 கி.மீ. எல்லாம் சமதளக் கணக்கு. இறக்கத்தில் சார்ஜ் ஏறிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த ஹப்பிலும் சரி, மிட்-டிரைவிலும் சரி, இறக்கத்தில் மோட்டார் கழன்றுகொண்டு சும்மா இருக்கும். ஒரு சொட்டு கரண்ட் திரும்பாது.

பேட்டரி தீர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. பல ஹப் மோட்டார் வண்டிகளில் முன்னால் 42 பல், பின்னால் மிகப் பெரிய பல்லே 28. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 11 கி.மீ. அந்த வேகத்தில் 10 சதவீத ஏற்றத்தில் ஏற 340 வாட் வேண்டும். பயிற்சி பெற்ற பந்தயக்காரருக்கே அது மூச்சுவாங்கும் வேலை. சாதாரண ஆள் இறங்கித் தள்ள வேண்டியதுதான், 25 கிலோவை. முன்னால் 30, 46 பல் செயின்ரிங்கும், பின்னால் 11 முதல் 34 பல் வரை உள்ள கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) போட்ட கிராவல் பைக்கில் அதே 60 சுற்றுக்கு 7 கி.மீ. போதும்; வண்டியும் இலகு. 200 வாட் சொச்சத்தில் ஏறிவிடலாம். வாரம் மூன்று நாள் மிதிக்கிறவருக்கு அது எட்டக்கூடிய எண். கிராவல் பைக் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: முன்னால் உள்ள சின்னப் பல் எண்ணிக்கை, பின்னால் உள்ள பெரிய பல்லை விடக் குறைவாக இருக்க வேண்டும். முன்னால் ஒற்றை 40, பின்னால் 11-42 என்று கொடுத்தால் 0.95, சமாளிக்கலாம், சந்தோஷமாக அல்ல.

மலிவு இ-பைக்கில் இன்னொரு தொல்லை, பெடல் சென்சார். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். கால் வைத்து ஒரு கணம் கழித்துத்தான் மோட்டார் விழிக்கும், விழித்ததும் முழு வேகத்தில் தள்ளும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம், சரளை மேலே இப்படி ஒரு தள்ளு கிடைத்தால் பின்சக்கரம் வழுக்கும் அல்லது முன்சக்கரம் எழும்பும். வளைவுக்குப் பத்தடி முன்பே மோட்டாரின் உதவி நிலையை 1-க்கு இறக்கிவிடுவது நல்லது. கால் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள மிட்-டிரைவில் இந்தப் பிரச்சினை இல்லை.

கிராவல் பைக்கின் எல்லை எங்கே? கல்லின் அளவில். சரளை, செம்மண், பெயர்ந்த தார், தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம், இதெல்லாம் அதன் ஊர். 70 கிலோ ஆளுக்கு டியூப் போட்ட 40 மி.மீ. டயரில் 35 முதல் 40 பி.எஸ்.ஐ., டியூப்லெஸ் என்றால் 28 முதல் 32. கைமுட்டியை விடப் பெரிய கற்கள் தொடர்ந்து வந்தால் டியூப் நசுங்கி இரட்டைப் பொத்தல் விழும், பாம்பு கடித்த மாதிரி. காற்றை ஏற்றினால் பொத்தல் குறையும், ஆனால் மணிக்கட்டு கழன்று போகும். டியூப்லெஸுக்கு மாறுவதுதான் வழி: ஒரு டயருக்கு 60 முதல் 90 மில்லி சீலன்ட், அதாவது பொத்தலை அடைக்கும் திரவம். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வால்வைக் கழற்றி ஒரு குச்சியை விட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். பாறைப் படிகளும் வேர்களும் உள்ள ஒற்றையடிப் பாதை என்றால் கிராவல் பைக்கை எடுக்கவே வேண்டாம். 2.4 அங்குல டயரும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனும் உள்ள மிட்-டிரைவ் மலை பைக் அங்கே ராஜா.

ஏறுவதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆளைக் கீழே தள்ளுவது இறக்கம். 100 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வரும் ஆற்றலில் காற்றும் டயரும் தின்றது போக மிச்சம் முழுக்கப் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. மிட்-டிரைவ் மலை பைக்கில் 200 மி.மீ. ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு), நான்கு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக் இருக்கும். எடைக்கு ஏற்ற சாமான். மலிவு இ-பைக்கிலோ அதே 25 கிலோவுக்கு 160 மி.மீ. ரோட்டரும் கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்கும். நீளமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரோட்டரைக் கவ்வும் ரெசின் பேட் கண்ணாடி போல மினுமினுப்பாகிவிடும். பிடி இருக்கும், நிறுத்தம் இருக்காது. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு முழுதாக விட வேண்டும். பேட் தேயத் தேய லீவர் ஹேண்டில்பாரை நெருங்கும். பேடைத் தாங்கும் காலிப்பரின் உள்பக்கம், ஸ்போக் ஓரம் இருக்கும் திருகை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பி பேட்டை ரோட்டர் அருகே கொண்டுவரலாம். பேட் பூச்சு 1 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். இ-பைக்கில் பிரேக் லீவரோடு மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. கிளம்பும் முன் பின்சக்கரத்தைத் தூக்கி, த்ராட்டில் கொடுத்து, லீவரைத் தொட்டு, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். மழையில் அந்த ஒயருக்குள் தண்ணீர் போனால் முதலில் சாவது அதுதான். கிராவல் பைக்கில் இறங்கும்போது கை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும். மேலே பிடித்தால் லீவரில் பாதி பலம்கூட வராது.

பஞ்சர் விஷயத்தில் இரண்டுக்கும் ஒவ்வொரு குறை. இ-பைக் வால்வு மோட்டார் சைக்கிள் வால்வு, கோத்தகிரியில் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். ஆனால் பின்சக்கரத்தைக் கழற்றுவது ஒரு சடங்கு: ஸ்விட்சை அணைத்து, மோட்டார் ஒயர் கனெக்டரைப் பிரித்து, ஒயரைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கட்டை வெட்டி, பெரும்பாலும் 18 மி.மீ. ஸ்பானரால் இரு பக்க நட்டையும் எடுத்து, அச்சு சுழலாமல் தடுக்கும் வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தப்பாகப் போட்டால் அச்சு சுழன்று ஒயரைத் திருகி அறுத்துவிடும். கிராவல் பைக் சக்கரம் ஒரு நிமிடத்தில் கையோடு வரும். ஆனால் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குக் கடைக்காரரிடம் நாசில் இருக்காது, 700×40 டியூபும் மலையில் கிடைக்காது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும் டியூப் இரண்டும் பையில் இருக்கட்டும். ஹப் மோட்டார் சக்கரத்தில் ஸ்போக்கும் அடிக்கடி உடையும். முதல் 200 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை எல்லா ஸ்போக்கையும் இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள், தொளதொளப்பு தெரியும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும். பேட்டரியைக் கழற்றி அறைக்குள் வையுங்கள்; சில்லென்றிருக்கும்போதே சார்ஜரில் மாட்டாதீர்கள்.

250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட இ-பைக்குக்கு லைசென்ஸோ பதிவோ தேவையில்லை. காட்டுக்குள் போக அது அனுமதி ஆகாது. காப்புக்காட்டுப் பாதைக்கு எந்த வண்டியானாலும் வனத்துறை சம்மதம் வேண்டும், எஸ்டேட் ரோட்டுக்கு எஸ்டேட் ஆபீஸின் சம்மதம். வெளியூர் காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம். கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைக்குள் காட்டெருமை சர்வசாதாரணம். சத்தமே இல்லாமல் இறங்கும் சைக்கிள் அதைத் திடுக்கிட வைக்கும். வளைவுக்கு வளைவு மணி அடியுங்கள்.

எஸ்டேட் ரோடும் கிராமத் தாரும்தான் உங்கள் வழி, காலில் கொஞ்சம் பழக்கமும் இருக்கிறது என்றால் கிராவல் பைக்கை வாங்குங்கள். முட்டிவலி இருந்தாலோ, பாறைத்தடம்தான் இலக்கு என்றாலோ மிட்-டிரைவுக்குக் காசு சேருங்கள். ஊட்டிக்குள் கடைக்கும் ஆபீஸுக்கும் போய்வர மட்டும் என்றால் ஹப் மோட்டார் வண்டி போதும்; வாங்கும்போதே பின்னால் 34 பல் ஃப்ரீவீல் (பின்பல்சக்கரம்) மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்குத் தக்க டீரெய்லியரும் (செயினைக் கியர் மாற்றும் கருவி) சேர்த்து.