இங்கிலாந்துப் பனியில் ஐந்து வாரம் நடந்த ரப்பர் பூட்ஸ்

குமரி மாவட்டத்தில் குலசேகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தை, மாசி மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். புதுத் தளிர் முற்றும்வரை பால்வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். அப்படி ஓர் ஓய்வுக் காலத்தில்தான் நானும் என் மனைவியும், இங்கிலாந்தில் செவிலியராக வேலை செய்யும் மகளின் வீட்டுக்குப் போயிருந்தோம். வடமேற்கே கும்பிரியாவில், கெண்டல் நகரத்திலிருந்து சில மைல் தள்ளி, மலைச்சரிவில் அறுபது வீடுகூட இல்லாத ஒரு கிராமத்தில் அவள் குடியிருக்கிறாள். அங்கே வாங்கி ஐந்து வாரம் அன்றாடம் அணிந்த ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நம் மாவட்டத்திலிருந்து செவிலியர் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் புறப்படும் பெற்றோர் பலர், தலைக்கும் மார்புக்கும் வேண்டிய கம்பளியைக் கவனமாக எடுத்துவைத்துவிட்டுக் காலை மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் மறந்தேன்.

முதலில் வாங்கியது இந்த பூட்ஸ் அன்று. போய்ச் சேர்ந்த வாரத்தில், நகரத்தில் ஒரு பெரிய அங்காடியில் 15 பவுண்டுக்குப் பளபளப்பான பச்சை பூட்ஸ் ஒன்றை எடுத்தேன். பார்வைக்கு ரப்பர் போலவே இருந்தாலும் அது பி.வி.சி. பிளாஸ்டிக். குளிர் இல்லாத நாளில் குறை தெரியவில்லை. பனி விழுந்த முதல் காலையில் வெளியே மைனஸ் 4 டிகிரி. வாசலில் கழற்றி வைத்திருந்த பூட்ஸ் இரவோடு இரவாகப் பலகைபோல் விறைத்துக் கிடந்தது. கணுக்காலில் மடங்க மறுத்தது. அடிப்பாகமும் இறுகிவிட்டதால் நிலத்தைப் பற்றாமல் வழுக்கியது. வாசற்படியிலிருந்து வேலிக்கதவு வரைகூடப் போக முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள்கள் குளிரில் அந்த வேலையைச் செய்வதில்லை என்பதை அன்று என் கால்களே எனக்குக் கற்பித்தன.

அன்று மாலையே மருமகன், விவசாயிகளுக்குத் தீவனமும் வேலிக் கம்பியும் விற்கும் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். அங்கே 60 பவுண்டு கொடுத்து வாங்கியதுதான் நான் மதிப்பிடும் இயற்கை ரப்பர் பூட்ஸ். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உயரம். உள்ளே கடற்பஞ்சுபோல் காற்றறைகள் உள்ள, நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உறை. அடியில் ஆழமான பள்ளங்கள். அங்குள்ளவர்கள் இதை 'வெல்லி' என்று செல்லமாக அழைக்கிறார்கள். பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் பிரபு அணிந்த தோல் பூட்ஸின் பெயர்தான் பிறகு ரப்பருக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற படைவீரர்களுக்காக எடின்பரோவில் ஒரே நிறுவனம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளைச் செய்து கொடுத்தது.

கடையில் அதைக் கையில் எடுத்து முகர்ந்ததுமே எனக்கு நம் புகைப்புரையின் நினைவு வந்தது. பால் வெட்டி, சிரட்டையில் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்தி, ஷீட்டாகப் புகையில் தொங்கவிடுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் அது என்னவாகிறது என்பதை நாற்பது ஆண்டுகளாக நான் பெரிதாக யோசித்ததில்லை. அப்படியே விட்ட ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் நீங்கும். 1840களில் அமெரிக்காவில் குட்இயரும் இங்கிலாந்தில் ஹான்காக்கும் காப்புரிமை பெற்ற அந்த முறையால்தான் வெயிலையும் குளிரையும் தாங்கும் ரப்பர் பூட்ஸ் உண்டானது. என் பூட்ஸை அன்றிரவு வேண்டுமென்றே வாசலில் வைத்தேன். காலையில் தண்டைப் பிடித்து மடக்கியபோது மடங்கியது, விட்டதும் நிமிர்ந்தது. இதுவே நான் சொல்லும் முதல் சோதனை. கடையில் பூட்ஸின் தண்டை மடக்கிப் பாருங்கள். மென்மையாக மடங்கி உடனே பழைய வடிவுக்கு வந்தால், அது இயற்கை ரப்பர்தானா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தோல் பூட்ஸ் வாங்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் விழும் பனி பெரும்பாலும் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் விழுவது. ஆகையால் ஈரம் மிகுந்தது. பகலில் அது சாலை உப்போடு கலந்து, கணுக்கால் ஆழத்துக்குப் பழுப்புக் குழம்பாகிவிடும். தோலில் அந்த உப்பு ஊறி வெள்ளை வரிகளாகக் காய்ந்து வெடிப்பு விடும். ரப்பரை ஒரு வாளித் தண்ணீரால் கழுவிவிடலாம். அங்கே குளிரைவிட ஈரமே பெரிய எதிரி என்பது என் தீர்மானமான கருத்து.

பனி விழுந்த இரண்டாம் நாள் பள்ளி மூடப்பட்டது, பேருந்து வரவில்லை, மின்சாரமும் பிற்பகலில் போய்விட்டது. இனி இரண்டு நாள் வீட்டுக்குள் முடங்கியிருப்போம் என்று நான் நினைத்திருந்தபோது, தெருவில் மண்வெட்டி உரசும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தால் ஊரில் பாதிப்பேர் வெளியே இருந்தார்கள். தெருமுனையில் மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். அதில் சாலைக்குப் போடும் உப்பு. நம் புத்தளம் உப்பளத்து வெள்ளை உப்பு அன்று, நிலத்தடியில் வெட்டியெடுக்கும் செம்பழுப்புக் கல் உப்பு. செஷயரில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் அதற்கென்றே பெரிய சுரங்கம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும் என்று அரசே அறிவுறுத்துகிறது. வெந்நீர் ஊற்றக் கூடாது, அது மீண்டும் உறைந்து கண்ணாடியாகிவிடும். தன் வாசலைச் சுத்தம் செய்தவர் அடுத்த வாசலுக்குப் போனார். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு முதலில் பாதை வெட்டினார்கள். பெரிய சாலையில் ஒரு விவசாயி தன் டிராக்டரின் முன்னால் இரும்புத் தகடு பூட்டிப் பனியை ஒதுக்கிக்கொண்டே போனார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்தபோதும், மின்சாரம் வருவதற்கு நாள் கணக்கில் காத்திருந்தபோதும், முதலில் வந்து நின்றவர்கள் அறுவாளோடு வந்த அக்கம்பக்கத்தார்தான். அந்த நினைவு வந்ததும் எனக்கு உள்ளே இருக்கப் பொறுக்கவில்லை. "அப்பா, நீங்க வேண்டாம், விழுந்திருவீங்க" என்றாள் மகள். "மக்களே, இந்த பூட்ஸை எதுக்கு வாங்கினோம்?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதைக் கடந்தவர், வாழ்நாள் முழுதும் ஆடு வளர்த்தவர். நான் மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்துத் திருத்தினார்: பனியைத் தூக்கி எறியாமல் தள்ள வேண்டும், காலைக் குறுகலாக எட்டுவைத்துப் பாதம் முழுவதும் பதிய ஊன்ற வேண்டும். 1963 ஜனவரியில் தாம் இளைஞராக இருந்தபோது பட்ட குளிரைப் பற்றிச் சொன்னார். அந்த மாதம் மத்திய இங்கிலாந்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 2.1 டிகிரி. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, நெய்யூருக்குப் பக்கம் என்று சொல்லி டாக்டர் சாமர்வெல்லின் கதையைச் சொன்னேன். கெண்டலில் காலணி செய்த குடும்பத்தில் பிறந்து, 1922, 1924 ஆகிய இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் பங்குகொண்டு, நெய்யூர் மருத்துவமனையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவராக உழைத்தவர் அவர். கெண்டல் பனியிலிருந்து ஒருவர் எங்கள் வெயிலுக்கு வந்தார். எங்கள் ரப்பர் காட்டிலிருந்து நான் அந்தப் பனிக்குப் போயிருக்கிறேன் என்றேன். பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கடைசிவரை கேட்டார்.

மூன்று மணி நேரம் பனி தள்ளியும் காலில் ஈரம் ஏறவில்லை. கம்பளிக் காலுறை இரண்டு போட்டிருந்தேன். வழக்கமான அளவைவிட ஓர் எண் பெரிதாக வாங்கியதால் விரல்களுக்கு அசைய இடம் இருந்தது. இறுக்கமாக இருந்தால் இரத்த ஓட்டம் குறைந்து எந்த உறையும் சூடு தராது. ஆனால் அன்று மாலை ஒரு குறை தெரிந்தது. மேய்ச்சல் நிலத்துச் சுவரோரம் பனிக் குவியலில் புதைந்த ஆடுகளைத் தேட நாலைந்து பேர் போனபோது நானும் உடன் சென்றேன். முழங்கால் ஆழப் பனியில் பூட்ஸின் வாய்வழியே பனி உள்ளே விழுந்து உருகிவிட்டது. நீர் புகாத மேற்கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே இழுத்துவிட வேண்டும் என்று பிறகுதான் சொன்னார்கள். நீண்ட கழியால் குத்திப் பார்த்து, நாய் மோப்பம் பிடித்த இடத்தைத் தோண்டியபோது மூன்று ஆடுகள் உயிரோடு கிடைத்தன. அவற்றின் மூச்சுச் சூட்டில் பனியில் சிறு துளை உருவாகியிருந்தது. நனைந்த காலோடு நின்று அதைப் பார்த்தேன்.

மறுநாள் ஊர் மன்றத்தில் எரிவாயு அடுப்பில் பெரிய பாத்திரத்தில் காய்கறிச் சாறு கொதித்தது. வீட்டில் அடுப்பெரிக்க முடியாதவர்கள் எல்லாரும் அங்கே வந்தார்கள். என் மனைவி வீட்டிலிருந்து குருமிளகும் சுக்கும் தட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதலில் தயங்கியவர்கள் பிறகு இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்கள். வெளியே பிள்ளைகள் தீவனச் சாக்கில் உட்கார்ந்து சரிவில் சறுக்கினார்கள், நம் பிள்ளைகள் கமுகம்பாளையில் ஒருவரை உட்காரவைத்து இழுப்பதைப் போல.

மன்றத்தின் வாசல் அறையில் முப்பது ஜோடிக்கு மேல் பூட்ஸ் வரிசையாக நின்றது. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது, பலவற்றில் கணுக்கால் மடிப்பில் வெடிப்பு இருந்ததைக் கவனித்தேன். ரப்பர் பூட்ஸ் முதலில் கிழிவது அங்கேதான். உள்ளே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு பலர் சமாளித்து வந்தார்கள். மருமகனிடம் சைக்கிள் டியூப் ஒட்டும் பெட்டி இருந்தது. வெடிப்பைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, ரப்பர் கரைசலை மெல்லிதாகப் பூசி, அது கைக்கு ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை பொறுத்து, ஒட்டுத் துண்டை அழுத்தினால் போதும். பொறுக்காமல் ஈரத்திலேயே ஒட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. அன்று பகல் முழுவதும் மன்றத்து மேசையில் உட்கார்ந்து ஏழு ஜோடி ஒட்டினேன். இரண்டு ஜோடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று, அவை பி.வி.சி., அந்தக் கரைசல் அவற்றில் பிடிக்காது. விலையைப் பார்த்துப் பிளாஸ்டிக்கை எடுப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: இயற்கை ரப்பரைச் செப்பனிட முடியும்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில வாரத்தில் பூட்ஸின் மேல் வெள்ளைப் பூச்சு படியும். அது பூஞ்சணம் அன்று. ரப்பரில் கலந்த மெழுகும் மற்றப் பொருள்களும் மேலே கசிந்து வருவது, துடைத்தால் போகும். அடுப்புப் பக்கத்தில் காயவைத்தால் வெடித்துவிடும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்தால் ஒரே இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டீசல், இயந்திர எண்ணெய் படவிடக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஐந்தாம் நாள் பகலில் உருகிய பனி இரவில் உறைந்து தெருவெல்லாம் பனிக்கட்டியாயிற்று. அதன்மேல் இந்த பூட்ஸும் வழுக்கியது. எந்த ரப்பரும் வழுக்கும். பூட்ஸின்மேல் மாட்டும் இரும்பு முள் பதித்த பட்டை தனியாகக் கிடைக்கிறது. வயதானவர்கள் அதையும் சேர்த்து வாங்காமல் பனிக்கட்டியில் கால் வைக்கக் கூடாது. எடையும் ஒரு குறை. ஜோடி இரண்டு கிலோவுக்கு மேல் வரும், மூட்டுவலி உள்ளவர்களுக்கு மலையேற்றத்தில் சிரமம். இதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டவும் கூடாது, மிதிகட்டையின் உணர்வு காலுக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் விசாரித்தபோது தோட்ட வேலைக்கான கம் பூட்ஸ்தான் கிடைத்தது. உள்ளுறை இல்லாத அது பனிக்கு உதவாது. இங்கிருந்து சுமந்து போகாமல் அங்கே, அதுவும் விவசாயப் பொருள் விற்கும் கடையில் வாங்குவதே நல்லது. நம் தோட்டத்துக்குக் கொண்டுவரலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். நியோப்ரீன் உறைக்குள் குலசேகரத்து வெயிலில் கால் வெந்துவிடும். ஆகவே அது மகள் வீட்டு வாசல் அறையில் இருக்கிறது. அளவு 9. ஊர் மன்றத்துக்கு ஒட்டுத் துண்டும் கரைசலும் உப்புத்தாளும் கொண்ட ஒரு பெட்டியை வாங்கி வைத்துவிட்டு வந்தேன். கரைசல் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதை அந்தப் பெரியவரிடம் இரண்டு முறை செய்து காட்டியிருக்கிறேன்.