9 பேனல் சரிதான், ஒவ்வொன்றும் எத்தனை வாட்? சோலார் போடுபவர்கள் கவனத்துக்கு

மாடியில் பேனல் பளபளக்கிறது, ஆப்பில் கோடு ஏறி இறங்குகிறது, கரண்ட் பில் மட்டும் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. ஒரு வீட்டில் இதற்குக் காரணம் பேனலின் முதுகில் இருந்தது. கொட்டேஷனில் 550 வாட் பேனல் 9, அதாவது 4.95 கிலோவாட். மேலே இருந்ததும் 9தான். ஆனால் பின்பக்க ஸ்டிக்கரில் 450 வாட். மொத்தம் 4.05. எண்ணிக்கை பொருந்தியதால் யாரும் சந்தேகப்படவில்லை.

புகார் செய்தபோது வந்த பதில், "சூட்டில் உற்பத்தி குறையும்." அது உண்மைதான். பேனலின் வாட் கணக்கு செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுப்பது. வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும், டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் போகும். கொட்டேஷனின் 4.95இல் அப்படிக் கழித்தாலும் நல்ல மதியத்தில் 4 கிலோவாட்டை ஒட்டி வந்திருக்க வேண்டும், 3.3க்கு மேல் ஏறவே இல்லை. பாதி உண்மையைச் சொல்லிச் சமாளிப்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

ஸ்டிக்கர் எட்டாவிட்டால் டேப் போதும். வழக்கமான 550 வாட் பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம். 450 வாட்டில் பரவலான ரகம் 2.1க்கு 1.04, புதிய ரகங்கள் இன்னும் குட்டை. வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து, அதே எண்களை பில்லில் எழுதி வாங்குங்கள். பின்னாளில் வாரண்டி கேட்டால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

மானியமும் அங்கே கைநழுவியது. கொட்டேஷனின் மொத்தத் தொகை "மானியம் போக" என்று போட்டது. மாட்டிய மாடல் அங்கீகரித்த பட்டியலில் இல்லை, விண்ணப்பம் திரும்பிவிட்டது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், மானியம் வராவிட்டால் மீதி வாடிக்கையாளர் பொறுப்பு என்று ஒரு வரி. மானியம் கொடுப்பது அரசோ மின் நிறுவனமோ. விற்பவர் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. முழு விலை தனியாக, மானியம் தனியாக எழுதச் சொல்லுங்கள். பல திட்டங்களில் வேலை தொடங்கும் முன்பே அனுமதி வேண்டும், மாட்டிய பிறகு விண்ணப்பம் போட்டால் செல்லாது. வரிச்சலுகையாக வருவது என்றால், கட்ட வேண்டிய வரி உங்களுக்கு இருந்தால்தான் பெரும்பாலும் பயன்.

"5 கிலோவாட், பகல் 12 மணி நேரம், நாளுக்கு 60 யூனிட்" என்று கணக்குப் போடுபவரை அதோடு அனுப்பிவிடலாம். இடத்தையும் பருவத்தையும் பொறுத்து 1 கிலோவாட்டுக்கு நாளுக்கு 3 முதல் 5 யூனிட் வந்தால் நல்ல உற்பத்தி. உங்கள் தேவை போக மின் லைனுக்குப் போகும் யூனிட்டுக்கு வாங்கும் விலையே கிடைக்குமா, குறைவாகவா என்பதையும் கேளுங்கள். போட்ட பணம் திரும்பும் காலம் அதில் வருடக்கணக்கில் மாறும். பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றி மின் லைனோடு இணைக்கும் கருவி) கரண்ட் போனால் தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைக்கிறார்கள்.

அந்த மாடியில் இன்னொன்றும் இருந்தது, பணத்தைவிட மோசமானது. பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை வேறு கம்பெனி. வயரை முனையில் அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரில் நசுக்கியிருந்தார்கள். பிடி தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். பேனலிலிருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட்; 400 வோல்ட்டில் அதில் பொறி கிளம்பினால் வீட்டு ஏசி கரண்டில் போல எளிதில் அணையாது, தீயில் போய் முடியும். ஒரு கனெக்டர் பழுப்பேறி, மூடி இளகிப்போயிருந்தது. நல்ல வெயிலில் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா பிடித்தால் இத்தகைய முனை தனியாக ஒளிரும். வேலை முடிந்த அன்றே ஒருமுறை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசித் தவணையாகப் பத்தில் ஒரு பங்காவது கையில் வைத்திருங்கள்: புதிய மீட்டர் பொருத்தி, எர்த்திங் அளவீடு, ஸ்ட்ரிங் (வரிசையாக இணைத்த பேனல்கள்) வோல்டேஜ் அளவீடு இரண்டும் எழுத்தில் வந்து, இன்வெர்ட்டர் ஆப்பின் உரிமையாளர் கணக்கு உங்கள் பெயருக்கு மாறும் வரை. கணக்கைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் நிறுவனம் நாளை கடையை மூடினால், உங்கள் உற்பத்தியை நீங்களே ஆப்பில் பார்க்க முடியாது.