திங்க்பேடா, மேக்கா, தானே ஒதுங்கும் டிஸ்க்கா: எந்த சென்சாரை நம்பலாம்?

நான் வேலைக்குப் போகிற வீடுகளில் பெரும்பாலும் மேசை இருக்காது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளை விசேஷத்துக்குத் திறக்கும்போது, பெட்டகத்தில் இருக்கும் பழைய பேரேடுகளையும் பர்மாவிலிருந்து வந்த கடிதங்களையும் ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். லேப்டாப் திண்ணையில் இருக்கும், இல்லையென்றால் மடியில் இருக்கும். அப்படி ஒரு திண்ணையிலிருந்து ஒருநாள் வழுக்கி விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க். எடுத்துக் காதில் வைத்தால் டிக், டிக் என்று சத்தம். மூன்று நாள் வேலை போனது. அதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள்.

அந்த லேப்டாப்பில் அசைவை உணரும் சென்சார் கிடையாது. அதற்குப் பிறகுதான் சென்சார் உள்ள பழைய லேப்டாப் இரண்டு வாங்கினேன். ஒன்று திங்க்பேட் டி61, இன்னொன்று 2008ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ. விழப்போவதை உணர்ந்ததும், டிஸ்க்கில் எழுதிப் படிக்கும் ஹெட்டைச் சுழலும் தட்டின் மேலிருந்து ஒதுக்கிவிடுவதுதான் இரண்டிலும் நோக்கம். ஆனால் உணரும் விதம் வேறு.

திங்க்பேடை அப்போது தயாரித்த ஐபிஎம் இதை 2003 அக்டோபரில் ஆர்50, டி41 மாடல்களோடு கொண்டுவந்தது. அதில் இருப்பது இரண்டு அச்சு சென்சார். முன்பின் சாய்வும் பக்கச் சாய்வும் தெரியும், மேல்கீழ் தெரியாது. மட்டமாக இருக்கிற லேப்டாப் அப்படியே செங்குத்தாக விழுந்தால், விழுகிற அந்தக் கணம் அதற்குப் புலப்படாது. ஆகவே விழுவதற்கு முன் வரும் அறிகுறியை, அதாவது சாய்வதையும் வழுக்குவதையும் உலுக்கலையும் பார்த்தே முடிவெடுக்கிறது. ஆப்பிள் 2005இல் பவர்புக் ஜி4இல் வைத்தது மூன்று அச்சு. எடையற்று விழும்போது மூன்று அளவும் சேர்ந்து பூஜ்யத்தை நெருங்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கேட்க மேக் முறைதான் உயர்வாகத் தோன்றும். இரண்டடி உயரத் திண்ணையிலிருந்து தரைக்கு வர 0.35 வினாடிதான் ஆகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குள் உணர வேண்டும், ஹெட் ஒதுங்கவும் வேண்டும். திண்ணை விளிம்பில் சாயத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ளும் சென்சாருக்குக் கொஞ்சம் அவகாசம் கூடுதல். என் வேலையில் லேப்டாப் நேராக விழுவது அபூர்வம். சரிந்துதான் விழுகிறது.

இனி காலிபரேஷன். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை இருப்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. மட்டத்தில் இருக்கும்போது எது பூஜ்யம் என்று சென்சாருக்குச் சொல்வது ஒன்று. எவ்வளவு அசைந்தால் ஆபத்து என்று எல்லை வைப்பது மற்றொன்று. டிஸ்க்கைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு இரண்டாவதற்கு.

மேக்கில் முதல் வேலை மட்டும்தான் நம் கையில். சீஸ்மாகாலிப்ரேட் என்ற இலவச மென்பொருள் லேப்டாப்பை ஒவ்வொரு நிலையிலும் வைக்கச் சொல்லி அளவெடுக்கும். கணக்கு எளிது. மேல்நோக்கி வைத்தபோது 262, கவிழ்த்தபோது கழித்தல் 238 என்று வந்தால், நடுப்புள்ளி 12, ஈர்ப்பின் முழு அளவு 250. இதை நான் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டு ஆச்சி, "தம்பி, அங்கன வைக்காத. மழைத்தண்ணி முத்தத்துக்கு ஓடணும்னு சரிச்சுக் கட்டியிருக்கு" என்றார்கள். மராமத்துக்கு வந்திருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். குமிழி கோட்டைத் தாண்டி நின்றது. ஒரு டிகிரி சரிவுக்கு ஈர்ப்பில் 0.017 பங்கு பிசகும். ரசமட்டம் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு தடவை அளந்துவிட்டு, அதே இடத்தில் லேப்டாப்பை அரைவட்டம் திருப்பி வைத்து மறுபடி அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் தரையின் சரிவு அடிபட்டுப் போகும்.

இவ்வளவு செய்தாலும் அந்தத் திருத்தம் சென்சாரைப் படிக்கும் மென்பொருள்களுக்குத்தான். ஹெட்டை எப்போது ஒதுக்குவது என்பதை மேக் தனக்குள் வைத்திருக்கிறது, அந்த எல்லையைத் தொட முடியாது. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது நல்ல சோதனை, அவ்வளவே.

திங்க்பேடில் எல்லை நம் கையில். விண்டோஸில் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கலாம், பஸ், ரயில் ஓட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு குலுக்கலைப் பொருட்படுத்தாதே என்றும் சொல்லலாம். திரையில் ஒரு சின்ன லேப்டாப் படம் நம் லேப்டாப் சாயச் சாயத் தானும் சாயும். லினக்ஸில் சென்சாரைப் படிக்கும் ஹெச்டாப்ஸ் டிரைவர் 2005 முதல் அதன் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. அதோடு, ஹெட்டை ஒதுக்கச் சொல்லும் ஹெச்டாப்ஸ்டி என்ற மென்பொருளும் ஓட வேண்டும். அதில் கொடுக்கும் எண் குறையக் குறைய உணர்திறன் கூடும். ரொம்பக் குறைத்தால் தட்டச்சு செய்யும்போதெல்லாம் டிஸ்க் நின்று நின்று ஓடும். அடாப்டிவ் என்ற அமைப்பைப் போட்டால், கீபோர்டு பயன்பாட்டில் இருக்கும்போது எல்லையைத் தானே உயர்த்திக்கொள்ளும். காரைக்குடி டவுன்பஸ்ஸில் ஒரு எண், வளவுத் தரையில் ஒரு எண் என்று இரண்டு வைத்திருக்கிறேன். டிரைவரில் பூஜ்யம் பிடிக்கும் வசதியும் உண்டு. ஆனால் ஹெச்டாப்ஸ்டி அசைவின் வேகத்தையும் மாற்றத்தையும் பார்ப்பதால், தரைச் சரிவு இங்கே பெரிதாகக் கெடுக்காது.

ஹெச்பி லேப்டாப்களில் ஹெட் ஒதுங்கியதும் டிஸ்க் விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். கண்ணால் பார்த்து நம்ப இதைவிட நல்ல ஏற்பாடு நான் கண்டதில்லை.

டிஸ்க்குக்குள்ளேயே விழுவதை உணரும் சென்சார் வைத்தும் வந்தன. விண்டோஸ் உறைந்து நின்றாலும் அது வேலை செய்யும், திருத்த ஒன்றும் இல்லை. சென்சாரே இல்லாத லேப்டாப்புக்கு அது நல்ல துணை. மேக்கில் போட்டால் இரண்டு சென்சாரும் ஒன்றோடொன்று மோத வாய்ப்பு உண்டு, பிஎம்செட் கட்டளையால் மேக்கின் சென்சாரை அணைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை, ஆகவே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். எனக்கு ஒரு வீட்டுப் பேரேடுகளே பல நூறு ஜிபி வருகிறது. அந்த அளவுக்கு ஹார்டு டிஸ்க்தான் கட்டுப்படியாகிறது. ஆகவே வெளியே எடுத்துப் போவது திங்க்பேட், மேக் வீட்டு மேசையை விட்டு நகர்வதில்லை.

ஹெச்டாப்ஸ்டியில் எண்ணை மாற்றியதும் சோதிக்க லேப்டாப்பைக் கீழே போட்டுப் பார்க்காதீர்கள், மெத்தை மேல்கூட வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு ஓரத்தை வெடுக்கென்று நாலு விரற்கடை சாய்த்தால் போதும். ஹெட் ஒதுங்கிய விவரம் ஹெச்டாப்ஸ்டியின் பதிவுக் குறிப்பான லாகில் வர வேண்டும். வரவில்லையென்றால் எண்ணை இன்னும் ஒன்று குறையுங்கள்.