மட்டக்களப்பில் கார் இன்சூரன்ஸ்: தேர்ட் பார்ட்டியா, ஃபுல்லா, தக்காஃபுலா?

லண்டனில் 11 வருடம் இருந்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கினேன். காரைத் தேடப் பிடித்த நேரத்தைவிட அதற்கு இன்சூரன்ஸ் தேடவே அதிக நேரம் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அங்கே இன்சூரன்ஸ் கேட்டால் உங்கள் வயது, வேலை, வீடு இருக்கும் இடம், விபத்தில்லாமல் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று எல்லாம் விசாரிப்பார்கள். பொலிசியில் பெயர் இல்லாதவர் பெரும்பாலும் அந்தக் காரை ஓட்ட முடியாது. இங்கே கேள்விகள் பெரும்பாலும் வாகனத்தைப் பற்றியவை: என்ன மாடல், எந்த வருடம், என்ன பெறுமதி, லீசிங் இருக்கிறதா. செல்லுபடியான லைசன் உள்ளவர் உங்கள் சம்மதத்தோடு ஓட்டலாம் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. தம்பியோ மச்சானோ ஓட்டுகிற வீட்டுக்கு இது பெரிய வசதி. ஆனால் இதனாலேயே மலிவு ஒன்றை மட்டும் பார்த்து ஒப்பிடத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

தேர்ட் பார்ட்டி என்றால் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கிய அளவு மட்டும். அதன் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருடாந்த வாகன வரி அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள். நீங்கள் யாரையாவது மோதினால் அவருடைய காயத்துக்கும் உயிருக்கும் இந்தக் காப்புறுதி பதில் சொல்லும். அவருடைய மதில், முச்சக்கரவண்டி போன்ற சொத்துச் சேதத்துக்குப் பொலிசியில் எழுதிய எல்லை வரைக்கும்தான். உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. வருடத்தில் ஒரு மாதம் வந்து போகிறவர், அம்மா வீட்டில் நிற்கும் பழைய காருக்கு இதை எடுத்தால் நான் பிழை சொல்லமாட்டேன்.

தினமும் ஓட்டுகிறவருக்கு இது போதாது, சொந்தக் காரின் சேதத்துக்கும் பணம் தரும் ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டும். காரணம் இந்த மாவட்டத்து வீதிகள்தான். இரவில் சித்தாண்டி, கிரான் பக்கம் போய்ப் பாருங்கள், தார் சூடாக இருப்பதால் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். எதிரே வரும் லொறியின் வெளிச்சத்தில் அவை கண்ணில் படாது. என் அத்தான் அப்படித்தான் ஒரு எருமையில் மோதினார். ரேடியேட்டர், பொனட், இரண்டு லைட்டும் போயிற்று. மாட்டுக்கு உரியவர் யாரென்று கடைசி வரை தெரியவில்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்ததால் எல்லாம் அவருடைய கையிலிருந்துதான் போனது. கொழும்புக்குப் போகும்போது ஹபரணைப் பக்கத்து யானைகள் வேறு இருக்கின்றன.

அடுத்தது வெள்ளம். 2011 ஜனவரியில் மாவட்டமே தண்ணீருக்குள் இருந்தது. 2024 நவம்பரில் அம்பாறைப் பக்கம் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளம் உழவு இயந்திரத்தையே இழுத்துப்போய் மாணவர்களின் உயிரைப் பறித்தது. அந்த வீதியால் போகும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. மாரியில் இங்கே கார் வைத்திருப்பவர் வெள்ளத்துக்கான காப்பு இல்லாமல் இருக்கக் கூடாது. ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டோம், வெள்ளமும் அதில் அடங்கும் என்று நினைக்கவும் வேண்டாம். சிலர் இயற்கை அனர்த்தத்தைச் சேர்த்தே தருகிறார்கள். சிலர் தனியாகப் பணம் கட்டினால்தான் சேர்ப்பார்கள். காத்தான்குடியில் ஒரு முகவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, வெள்ளம் எண்டு எழுத்தில இருக்கா பாருங்க. மறுகா வந்து கேட்டா ஒண்டும் செய்ய ஏலா."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எஞ்சினுக்குள் போன தண்ணீர் பிஸ்டனைத் தாங்கும் தண்டை (கனெக்டிங் ரொட்) வளைத்துவிடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் செய்தது என்று மதிப்பீட்டாளர் எழுத இடமுண்டு. காரைத் தள்ளிக் கரையேற்றி, படம் எடுத்து, கம்பனிக்கு அழையுங்கள்.

சரி, ஃபுல் என்று முடிவெடுத்தால் யாரிடம் எடுப்பது? அரசின் இலங்கை காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1962இல் தொடங்கியது. 2003இல் தனியாருக்கு விற்கப்பட்டு, 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் திரும்ப அரசிடம் வந்தது. பெரிய நட்டம் வந்தாலும் பணம் வரும் என்ற நம்பிக்கை எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அதில்தான். தனியார் பக்கம் செலிங்கோ, அலியான்ஸ், ஃபெயார்ஃபெர்ஸ்ட் என்று பல. விபத்து நடந்த இடத்துக்கே வந்து கணக்குப் பார்த்துக் கொடுப்பதுதான் இவர்களின் பலம். ஆனால் அது எங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். நான் எல்லா இடத்திலும் இரண்டு கேள்வி கேட்டேன். இரவு பத்து மணிக்கு வாகரையில் கார் நின்றால் யார் வருவார், எங்கிருந்து வருவார்? நீங்கள் ஒப்புக்கொள்ளும் கராஜ் மட்டக்களப்பில் இருக்கிறதா? ஒரு இடத்தில் பெரிய திருத்தத்துக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். 300 கிலோமீட்டருக்கு மேல் காரைக் கட்டி இழுக்கிற செலவு யாருடையது என்பதற்குத் தெளிவான பதில் வரவில்லை. மிகக் குறைந்த விலை சொன்னது அந்த இடம்தான். அதை விட்டுவிட்டேன்.

தக்காஃபுல் என்பது இஸ்லாமிய முறைக் காப்புறுதி. அது முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். யாரும் எடுக்கலாம். 1999இல் தொடங்கிய அமானா தக்காஃபுலைக் காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றில் நன்றாகத் தெரியும். எல்லோரும் கட்டும் பணம் பொதுவான ஒரு நிதிக்குப் போகிறது. நட்டம் வந்தவருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். வருட முடிவில் மிஞ்சினால் பணம் கட்டியவர்களுக்கே பகிரும் ஏற்பாடும் உண்டு. வட்டியில் போட்டுப் பெருக்குவதில்லை. அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. காருக்கு என்ன காப்பு என்று பார்த்தால் மற்ற ஃபுல் பொலிசிகளோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பை எங்கே எடுத்தாலும் அந்தப் பணம் பெரும்பாலும் அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்கே போகிறது. அதனால் அதில் கம்பனிகளை ஒப்பிட அதிகம் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர் இது. அந்தக் காப்பை வேண்டாம் என்று வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

எந்தக் கம்பனி என்பதைவிட முக்கியமானது பெறுமதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பிரீமியம் குறையட்டும் என்று பழைய பெறுமதியைப் போட்டால் என்ன நடக்கும்? 60 லட்சம் பெறுமதியான காரை 40 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள், 6 லட்சத்துக்குச் சேதம் வருகிறது என்று வையுங்கள். முழுப் பெறுமதிக்கு எடுக்காதவர் அந்த விகிதத்தில் நட்டத்தைத் தானும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பிடித்தால் உங்களுக்கு 4 லட்சம்தான் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் காகிதங்களையும் கவனிக்க வேண்டும். அங்கே கிளைம் இல்லாமல் ஓட்டியதற்கான கடிதத்தைப் புறப்படும் முன்பே வாங்கி வாருங்கள். இங்கே அதை ஏற்பது கம்பனியின் விருப்பம். கேட்டால்தான் கழிவு தருவார்கள். இலங்கை லைசன் சிறிய வாகனங்களுக்கு 8 வருடம்தான். நான் அங்கே இருக்கும்போதே என்னுடையது முடிந்துவிட்டது. லைசன் சரியில்லாமல் ஓட்டினால் எந்த ஃபுல் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. அதனால் முதலில் அதைப் புதுப்பித்தேன். அப்புறம், ஓப்பன் பேப்பரில், அதாவது பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாமல், கார் வாங்காதீர்கள். பதிவும் பொலிசியும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் விபத்தன்று பணம் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள்.

கடைசியில் நான் எடுத்தது தக்காஃபுல். இங்கேயே கராஜ் காட்டினார்கள், வெள்ளத்தை எழுத்தில் சேர்த்தார்கள், நான் சொன்ன சந்தைப் பெறுமதியைக் குறைக்கச் சொல்லவில்லை. அத்தானும் இப்போது ஃபுல் எடுத்துவிட்டார், அவர் அரசுக் கூட்டுத்தாபனத்தில்.