கீழ்த்தளக் கழிவுநீர்ப் பம்ப்: 7 வருடம் பாவித்த அனுபவம்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. நிலம் சரிவு என்பதால் கீழ்த்தளம் பதிந்து கிடக்கும். படியேற முடியாத அம்மாவுக்காக 2018இல் அங்கே ஓர் அறையும் குளியலறையும் கட்டினோம். மாநகர சபையின் கழிவுநீர்க் குழாய் அந்த மலசலகூடத்தைவிட உயரத்தில் ஓடுகிறது, தானாக வடியாது. அதனால் தரைக்குள் ஒரு ஃபைபர் தொட்டி, அதற்குள் முக்கால் குதிரைவலு பம்ப், மேலே மூடி.

பம்பைத் தெரிவு செய்ய ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினோம். தொட்டிக்குள் காற்று போய்வர வைக்கும் குழாயான வென்ட் பைப் பற்றி ஒரு நாள்கூடக் கதைக்கவில்லை. அந்த பம்ப் இன்றுவரை பழுதாகவில்லை. பட்ட பாடெல்லாம் காற்றால் வந்ததுதான்.

முதலில் வேலை செய்தவர், காற்றை உள்ளே மட்டும் எடுக்கும் சின்ன வால்வ் ஒன்றை மூடியில் பூட்டிவிட்டுப் போனார். சுவர் உடைக்கத் தேவையில்லை என்று எங்களுக்கும் திருப்தி. இரண்டாம் கிழமையே அம்மா, "பிள்ளை, அறை மணக்குது, தலையிடிக்குது" என்றார். பினாயில் ஊற்றிக் கழுவினோம். ஏசி போட்டுக் கதவைச் சாத்தினால் இன்னும் மோசம். பம்ப் ஓடும்போதெல்லாம் குளிக்கிற இடத்துத் தரை ட்ரெப் (மணம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) கொடகொடவென்று சத்தம் போடும்.

பிறகு வந்த பிளம்பர் தம்பி மூடியைப் பார்த்ததுமே சொன்னார்: "அக்கா, பம்ப்ல பிழையில்ல. உள்ள இருக்கிற காத்துக்கு வெளிய போக வழியில்ல."

விஷயம் இவ்வளவுதான். ஒருமுறை ஃப்ளஷ் பண்ணினால் 6 லீற்றர் தண்ணீர் தொட்டிக்குள் விழும். அதே 6 லீற்றர் காற்று வெளியே போயாக வேண்டும். வழி இல்லாவிட்டால் ட்ரெப்பில் நிற்கும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வரும். பம்ப் இறைக்கும்போது இதற்கு நேர்மாறு, தொட்டி காற்றை இழுக்கும். இரண்டு பக்கமும் காற்று போய்வர வேண்டிய இடத்தில் ஒருவழி வால்வ் எப்படிப் போதும்? வருவது வெறும் நாற்றமும் இல்லை, ஹைட்ரஜன் சல்பைட்டும் மீதேனும். ஹைட்ரஜன் சல்பைட் கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. அம்மா அதற்குள்ளேதான் படுத்திருந்தார் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

வால்வைக் கழற்றி, மூடியிலிருந்து 2 அங்குல பிவிசி பைப்பை வெளிச்சுவரோடு மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோனோம். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றி, வயர் நுழையும் துளையையும் சிலிக்கனால் அடைத்தோம். அன்றிரவே மணம் நின்றது.

ஆனால் ஐப்பசி மழையோடு கொடகொட சத்தம் திரும்பி வந்தது. கராஜுக்கு மேலே பைப்பை மட்டமாக ஓட்டியிருந்தார்கள். நடுவில் தொய்ந்து, தண்ணீர் தேங்கி, காற்றை மறித்துவிட்டது. கிட்டக்கிட்டக் கிளிப் அடித்து, தேங்கும் தண்ணீர் தொட்டிக்கே திரும்பி ஓடும்படி சரிவு வைத்த பிறகுதான் சரிவந்தது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பக்கத்து வீட்டு மேல்மாடி ஜன்னலுக்கு மணம் அடிக்கிறது என்று அந்த அன்ரி சொன்னார். நியாயமான முறைப்பாடு. பைப்பை அவர்களின் ஜன்னலுக்கு மேலே போகுமளவுக்கு உயர்த்தினோம்.

நுளம்பு வலையை மறக்க வேண்டாம். கம்பி வலை கடற்காற்றில் துருப்பிடித்து, துருவே வாயை அடைத்தது. இப்போது நைலோன் வலை. ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றித் தூசு தட்டுகிறேன்.

2022 மின்வெட்டில் தொட்டி நிரம்பியது. அதற்கு வென்ட் பைப்பால் ஒன்றும் செய்ய முடியாது. மேல்மாடிக் கழிவுக் குழாய்களை எல்லாம் அந்தத் தொட்டியோடு இணைக்காதது நல்லதாய்ப் போயிற்று. பிறகு பராமரிப்புக்காக பம்பை வெளியே எடுத்துத் திரும்ப இறக்கியபோது மோட்டர் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. பம்புக்குள் காற்று அடைபட்டிருந்தது. வெளியேற்றுக் குழாயில், ஏறிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நொன் ரிட்டர்ன் வால்வுக்குக் கீழே, மூடிக்கு உட்பக்கமாக, அந்தக் காற்று வெளியேற 5 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டதும் ஏறியது. இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

அம்மா இப்போது தங்கச்சியோடு இருக்கிறார், கீழறை சும்மா கிடக்கிறது. பாவிக்காத ட்ரெப்பில் தண்ணீர் வற்றினால் எந்த வென்ட் பைப் இருந்தும் மணம் மேலே வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன்.