இரவுக் கமரா வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் எழுதியிருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

மிருகம் வந்தால் தானாகவே படம் எடுக்கும் இரவுக் கமரா ஒன்றை வவுனியாவில் ஒரு கடையில் 32,000 ரூபா கொடுத்து வாங்கினேன். சாமானும் பொய், அதோடு தந்த மெமரி காட் கூடப் பொய். எங்கள் பக்கத்தில் இன்னும் சிலர் இதையே வாங்க விசாரித்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு முத்தையன்கட்டுப் பக்கம். கோடிக்குப் பின்னால் வேலி, அதற்கு அப்பால் பற்றைக்காடு. இரவில் ஏதோ வந்து மரவள்ளியைக் கிண்டிவிட்டுப் போகிறது. அம்மா காட்டுப்பன்றி என்கிறா, பக்கத்துக் காணி அண்ணை முள்ளம்பன்றி என்கிறார். எது வருகிறது என்று தெரியாமலே கம்பிச் சுருக்கு வைத்துவிடுகிறார்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் மானும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். எங்கள் வளவில் அப்படி ஒன்று நடக்கக்கூடாது. அதற்காகத்தான் கமரா தேடினேன்.

பெட்டியில் 48 மெகாபிக்சல், கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீற்றர் ஒளி, 0.2 செக்கனில் படம் என்று போட்டிருந்தது. "அண்ணை, மீசை மயிரையும் எண்ணலாம்" என்றான் கடைத் தம்பி.

கிடைத்த படத்தைச் சொல்கிறேன். நடுவில் கிண்டிய மண்ணும் முறிந்த மரவள்ளித் தடியும். வலது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகின் கடைசித் துண்டு. மிருகம் தின்று முடித்துத் திரும்பிய பிறகுதான் கமரா விழித்திருக்கிறது. அது முள்ளா, பன்றி மயிரா என்று பார்க்கப் படத்தைப் பெருப்பித்தால் சதுரம் சதுரமாகக் கலங்குகிறது. இந்த வகை மலிவுக் கமராக்களில் உள்ளே இருக்கும் படம் பிடிக்கும் சென்சர் பெரும்பாலும் சில மெகாபிக்சல்தான். மிச்சத்தை மென்பொருள் இழுத்துப் பெருப்பித்துக் கணக்குக் காட்டுகிறது. கோப்பு மட்டும் பெரிதாகும், படத்தில் விபரம் கூடாது.

இன்னொரு இரவு நரி வந்தது. முதல் படத்தில் நேராகக் கமராவையே பார்க்கிறது, அடுத்ததில் ஆளே இல்லை. இருட்டில் போய் நின்று பார்த்தேன்: படம் எடுக்கும்போது முகப்பில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் எரிகின்றன. அது இப்படி லேசாகச் சிவப்புத் தெரியும் 850 நானோமீற்றர் விளக்கு. அந்த விளக்கு கெட்டதில்லை, வெளிச்சம் தூரம் போகும். ஆனால் அதை 940 என்று சொல்லி விற்பது களவு.

கடைக்குப் போனால் முதலில் வன்னி வெக்கை காரணம் என்றார்கள். இதில் பாதி உண்மை. உடம்புச் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் கமராவில் உள்ள மற்றச் சென்சர், அசைவுச் சென்சர், மிருகத்தைப் பிடிக்கும். சூடு ஆறாத நிலத்தில் பின்னேரம் சில தவறலாம். ஆனால் விடியப்புறக் குளிரில் ஐந்தாறு அடி தள்ளிக் குறுக்கே நடந்த என்னையே அது பிடிக்கவில்லை. அப்புறம் பற்றரி சரியில்லை என்றார்கள். சார்ஜ் செய்யும் பற்றரி 1.2 வோல்ற், சாதாரணமானது 1.5, குறைந்த வோல்ற்றில் சில கமராக்கள் தடுமாறும் என்பது சரி. நான் போட்டிருந்தது புது அல்கலைன். கடைசியில் "வித்த சாமான் திருப்பி எடுக்க மாட்டம்" என்று முடித்துவிட்டார்கள். பில்லில் "கமரா 1" என்று மட்டும்தான் இருக்கிறது.

மெமரி காட்டில் 128 ஜிபி என்று அச்சடித்திருந்தது. வீடியோக்களின் பெயர் வருகிறது, திறந்தால் ஒன்றும் இல்லை. மச்சானின் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளைப் போட்டுச் சோதித்தபோது உண்மையில் 8 ஜிபிகூட இல்லை. போலிக் காட்டுகள் இப்படித்தான், நிரம்பியதும் பழையதை அழித்தோ கெடுத்தோ எழுதிக்கொண்டே போகும்.

ஆகவே கடையிலேயே பற்றரி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமான கமராக்களில் சோதனை நிலை ஒன்று உண்டு. குறுக்கே நடந்தால் சின்ன விளக்கு மின்ன வேண்டும். இருட்டான அறையில் ஒரு படம் எடுத்து, முகப்பு சிவக்கிறதா என்று பாருங்கள். அந்தப் படத்தைப் பெருப்பித்தும் பாருங்கள். பில்லில் மொடல் பெயர், விலை, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். பில் கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிட்டிருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. கமரா, பெட்டி, காட், பில் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன். இதே கமரா வேறு வேறு பெயர் ஒட்டியும் விற்பனைக்கு வருகிறது. பெட்டியின் பெயர் வேறாக இருந்தாலும் சோதிக்காமல் எடுக்காதீர்கள்.